கந்தோரில் வெறுங்கதிரை



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு காணி வழக்கு இழுபடுகிறது என்றால் யாரும் திடுக்கிடுவதில்லை. "எத்தனை வருசமாய்?" என்றுதான் கேட்பார்கள். பதினைந்து என்றால், "எங்கடையும் அப்பிடித்தான்" என்று ஆறுதல் சொல்வார்கள். ஏன் இழுபடுகிறது என்று கேட்டால் விரல் இரண்டு பேரை நோக்கி நீளும். தவணை கேட்கிற சட்டத்தரணி ஒருவர், தவணை கொடுக்கிற நீதிபதி மற்றவர். இருவர் மீதும் குறை சொல்ல இடமுண்டு. ஆனால் வழக்கின் ஆயுளில் பெரும்பகுதி பக்கத்துப் பதிவாளர் கந்தோரில்தான் கழிகிறது. அங்கே இருக்கிற கதிரைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

பழைய வழக்கேடு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். முன்பக்கங்களில் நாட்குறிப்பு இருக்கும்: இலக்கம், திகதி, இரண்டு மூன்று வரி. அழைப்பாணை சேர்ப்பிக்கப்படவில்லை, மீள அனுப்புக. நில அளவையாளரின் அறிக்கை இல்லை, மீண்டும் அழைக்குக. சாட்சியப் பதிவு தட்டெழுத்தாகி வரவில்லை, விளக்கம் ஒத்திவைப்பு. ஒவ்வொன்றின் கீழும் சில மாதம் தள்ளி ஒரு புதிய திகதி. இந்த வரிகளில் சட்டச் சிக்கல் என்று ஒன்றும் கிடையாது. எழுத வேண்டிய ஒருவர் எழுதவில்லை, கொண்டுபோக வேண்டிய ஒருவர் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான். அந்த ஒருவருக்கு இரண்டு பேருடைய வேலை இருந்திருக்கும். அல்லது அந்த இடத்துக்கு ஆளே நியமிக்கப்பட்டிருக்காது.

எழுதுவினைஞர், சுருக்கெழுத்தாளர், வழக்கைக் கூப்பிடுகிற முதலியார், அழைப்பாணையோடு சைக்கிளில் அலைகிற பிஸ்கால் உத்தியோகத்தர், பதிவறைக்குப் பொறுப்பானவர் என்று ஒரு சங்கிலி. நீதிபதி எவ்வளவு விரைவானவராக இருந்தாலும், சாட்சி சொன்னது தட்டெழுத்தாகி வழக்கேட்டில் ஏறாவிட்டால் குறுக்கு விசாரணை நகராது. சட்டத்தரணி எழுந்து, "கனம் நீதிபதி அவர்களே, குறிப்பு இன்னும் கிடைக்கவில்லை" என்பார். பருத்தித்துறையிலிருந்தோ சாவகச்சேரியிலிருந்தோ அதற்கென்று பஸ் ஏறி வந்த கிழவர் திரும்பவும் பஸ் ஏறுவார்.

இது எல்லா ஊருக்கும் பொதுவான கதைதானே என்பீர்கள். உண்மைதான். நாடு முழுவதும் தேங்கிக் கிடக்கிற வழக்குகள் 10 இலட்சத்தைத் தாண்டியவை. ஆனால் யாழ்ப்பாணத்துக் காணிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது பிரிபடாத பங்குகளாகவே கைமாறி வந்த காணி. முதிசம், சீதனம், தேடியதேட்டம் என்று தேசவழமை வகுத்த வழிகளில் இறங்கி, 16 பரப்பு ஒரு ஏக்கர் என்கிற கணக்கில் நாலு பரப்புத் துண்டுக்கு இருபது பேர் உரித்தாளிகள். உறுதியில் ஒன்பதில் இரண்டு பங்கு என்று இருக்கும். அந்த ஒன்பதில் இரண்டு எந்த மாமரத்துக்கு எந்தப் பக்கம் என்று எவருக்கும் தெரியாது. கதியால் வேலிக்கு மட்டும் தெரியும். அது வருடா வருடம் அரை முழம் நடக்கும்.

இதைப் பிரிக்க வழக்கு வைத்தால், 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி உரித்தாளிகள் எல்லோரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். காணியில் அறிவித்தல் ஒட்டி, பறையடித்துச் சொல்லி, நில அளவையாளர் வந்து அளக்க வேண்டும். பறையடிப்பது பழங்காலத்துச் சம்பிரதாயமாய்த் தெரியலாம். இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிற நடைமுறைதான் அது. உரித்தாளிகளில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பரிஸில், ஒருவர் வவுனியாவில், ஒருவர் எங்கே என்று யாரும் அறியார். அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் போகும். திரும்பி வந்தால் பிஸ்கால் மூலமோ கிராம அலுவலர் மூலமோ போகும். ஒவ்வொரு தடவையும் கந்தோரில் ஒருவர் உட்கார்ந்து பெயர், விலாசம், பிரதி எல்லாம் ஆயத்தம் செய்தாக வேண்டும். அந்தக் கதிரை ஒரு மாதம் வெறுமையாய் இருந்தால் இருபது அழைப்பாணைகளும் ஒரு மாதம் மேசையில் கிடக்கும்.

இதற்குள்ளே ஒருவர் சாவார். வயதானவர்கள் நிறைந்த வழக்கு அல்லவா? அவருடைய இடத்துக்கு மூன்று பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கும் அறிவித்தல், அதற்கும் தவணை. அது முடிவதற்குள் இன்னொருவர். வழக்கு வைத்தபோது இருபது பேர், தீர்ப்பு வரும்போது முப்பத்தைந்து பேர். கந்தோரில் ஆள் குறைந்தால் வழக்கில் ஆள் கூடும்!

நீதிபதி மாறினால் இன்னொரு சுற்று. 1978 ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு, புதிதாய் வருகிற நீதிபதி முன்னவர் பதிந்த சாட்சியத்தைக் கொண்டே தொடரலாம் என்கிறது. வேண்டுமானால் முதலிலிருந்தும் கேட்கலாம். முந்தியது நடக்க, பதிந்த சாட்சியம் முழுதாய், ஒழுங்காய்த் தட்டெழுத்தில் இருக்க வேண்டும். திரும்பவும் அதே கதிரைதான்.

கதிரைகள் ஏன் வெறுமையாயின? 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அரச சேவை முழுவதையும் உலுக்கியது. புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. சம்பளமில்லாத விடுமுறையில் 5 வருடம் வரை வெளிநாடு போக அனுமதி வந்தது. ஓய்வு வயது 60 ஆக இறக்கப்பட்டு, அந்த டிசம்பர் 31 இல் ஆயிரக்கணக்கானோர் ஒரேநாளில் ஓய்வு பெற்றார்கள். அனுபவசாலி ஒருவர் போகும்போது, எந்த அலுமாரியில் எந்த ஆண்டு வழக்கேடு என்கிற ஞாபகமும் அவரோடு போய்விடுகிறது. வடக்கிலே நீதிமன்ற மொழி தமிழ். ஆகவே தமிழில் வேகமாய்ச் சுருக்கெழுத்து எடுக்கத் தெரிந்தவரும் வேண்டும், கொழும்புக்கு மேன்முறையீடு போகிற வழக்கை மொழிபெயர்க்கத் தெரிந்தவரும் வேண்டும். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு லேசல்ல.

இந்த இழுபறியின் இன்னொரு விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் காத்திருக்கப் பொறுமையில்லாதவர் பொலிசுக்குப் போகிறார். சமாதானக் குலைவு ஏற்படும் என்று சொல்லி, 1979 ஆம் ஆண்டு சட்டத்தின் 66 ஆம் பிரிவில் வழக்கு நீதவானிடம் வருகிறது. அங்கே விசாரணையை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அங்கே தீர்வது இப்போதைக்கு ஆட்சி யாருக்கு என்பது மட்டும். காணி யாருடையது என்று தீர்க்கத் திரும்பவும் மாவட்ட நீதிமன்றத்துக்கே வர வேண்டும். ஒரு வேலிச் சண்டை, இரண்டு நீதிமன்றம், இரண்டு வழக்கேடு. ஆள் பற்றாக்குறையால் மிச்சம் பிடித்த சம்பளம் இப்படி வேறு வாசலால் செலவாகிறது.

2020 இல் அரசியலமைப்பையே திருத்தினார்கள். பிரதம நீதியரசர் நீங்கலாக உயர் நீதிமன்ற நீதியரசர் தொகையின் உச்ச வரம்பு 10 இலிருந்து 16 ஆனது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் மல்லாகம் நீதிமன்றத்துக்கு ஒரு சுருக்கெழுத்தாளர் தேவை என்று யாராவது பாராளுமன்றத்தில் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தியதாய் நான் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொரு நீதிமன்றத்திலும் எந்தப் பதவி எத்தனை மாதமாய் வெற்றிடம் என்று வாசலிலேயே ஒரு அறிவித்தல் பலகையில் மாதாமாதம் ஒட்டச் சொல்ல வேண்டும். வழக்காளிக்கும் எதிராளிக்கும் அதைப் பார்க்க உரிமை உண்டு; தவணைக்குப் பஸ் காசு கொடுப்பது அவர்கள்தானே.

அதுவரை, பங்கு பிரிக்கிற வழக்கில் இருக்கிற நேயர்கள் ஒரு காரியம் செய்யலாம். நீங்கள் இறக்க நேர்ந்தால் உங்களுடைய இடத்தில் யார் வழக்கை நடத்துவது என்று பெயர் குறித்து ஒரு பத்திரம் கொடுக்க முன்சொன்ன 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81 ஆம் பிரிவு இடம் வைத்திருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் வழக்கேட்டில் அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் இந்த வாரமே கேளுங்கள். போகிற போக்கில், போன தவணையில் அனுப்பச் சொன்ன அழைப்பாணை கந்தோரை விட்டுப் போய்விட்டதா என்றும் கேட்டு வையுங்கள். தவணைக்கு முதல் கேட்டால் ஒருவேளை போகும். தவணை நாளில் கேட்டால் அடுத்த திகதிதான் கிடைக்கும்.