ஏடுகள் காட்டும் அரசியர்

சில காலத்தின் முன், எமது பாடசாலை நூல்நிலையத்தில் மாணவி ஒருத்தி பண்டைய உலகை ஆண்ட பெண்களைப் பற்றிய நூலொன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "ஐயா, அரசர்கள் குளம் கட்டினார்கள், கோட்டை கட்டினார்கள் என்று எழுதுகிறார்கள். அரசியர் மட்டும் ஏன் மயக்கினார்கள், நஞ்சூட்டினார்கள் என்றே எழுதியிருக்கிறது?" என்று வினவினாள். வரலாறு கற்பித்தே நரைத்த எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.

வீடு சென்று என் பழைய பாடக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அநுலை என்ற பெயருக்கு நேரே 'கொடியவள்' என்னும் ஒரு சொல்லே இருந்தது. எத்தனை பிள்ளைகள் அதனை எழுதிச் சென்றனரோ!

எகிப்தில் கிளியோபாத்திரா அரசாண்ட அதே நாளில், கி.மு. 47 தொடக்கம் 42 வரை, அநுராதபுரத்தில் அதிகாரம் செலுத்தியவள் அநுலை. இத்தீவின் அரியணை ஏறியவளாக வரலாறு அறியும் முதற் பெண் அவளே. அவள் துணைவருள் வடுகன், நீலியன் ஆகிய இருவர் தமிழர். துணைவரை ஒருவர்பின் ஒருவராக நஞ்சூட்டிக் கொன்று, நான்கு திங்கள் தனித்து ஆண்டு, ஈற்றில் கொலையுண்டு மாண்டாள் என்கிறது மகாவம்சம். அந்நூலை ஒரு துறவியார் இயற்றியதோ அவள் மறைந்து ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளின் பின்!

அநுலை குற்றமற்றவள் என்று வாதிட நான் வரவில்லை. ஆயினும், தந்தையைக் கொன்று அரசு கொண்ட காசியப்பனின் சிகிரியாவுக்கு நாம் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். குன்றையும் ஓவியத்தையும் கண்டு வியக்கிறோம். அவனுக்குக் கலை நினைவாயிற்று. அவளுக்கு நஞ்சே நினைவாயிற்று. இஃது ஒரே தராசில் நிறுத்த நிறையாகுமா?

கிளியோபாத்திராவின் கதையும் இத்தகையதே. அவளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின் எழுதிய புளூட்டாக், அவள் அழகு ஒப்பற்றதன்று என்றும், பல மொழிகளில் உரையாட வல்லவள் என்றும் குறித்திருக்கிறார். அழகை நினைவில் வைத்த உலகம் அறிவை மறந்தது.

ஏடு மட்டுமே சான்றன்று. கி.பி. 1197 முதல் 1212 வரையான காலத்துள் பொலன்னறுவையில் மும்முறை அரியணை ஏறியவள் லீலாவதி. அவளை ஏற்றியோர் படைத்தலைவர் என்பர். ஆனால், அவள் வெளியிட்ட செப்புக்காசிலே 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்றே பொறிக்கப்பட்டுள்ளது. இராணி என்றன்று, ராஜ என்று! ஏட்டில் பிறர் குரல் கேட்கிறோம். காசில் அவள் ஆணையைக் காண்கிறோம்.

நேயர்களே, 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைக் கண்ட தீவு இது. அரசியர் வரலாற்றை வாசிக்கும்போது, எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதனை எழுதாது விட்டார் என்னும் மூன்று வினாக்களை உடன்வைத்து வாசியுங்கள். அம்மாணவிக்கும் இதனையே கூறினேன். என் பாடக்குறிப்பில் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, 'மகாவம்சம் கூறுவது' என்று எழுதிக்கொண்டேன்.