சொந்த மண்ணில் ஒரு தோல்வி



திருவையாற்று ஆராதனையைப் பற்றியோ, மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்பதைப் பற்றியோ பேசினால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கக்கூடிய தஞ்சைத் தரணியில், கால்பந்து ரசிகர்களின் துக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒருவன் ஒலிவாங்கியின் முன் வந்து உட்கார்ந்திருப்பது சிலருக்கு விபரீதமாகத் தோன்றலாம். அறுவடை முடிந்த வயலில் மூன்று குச்சிகளை நட்டால் அது கிரிக்கெட் மைதானம் என்று என்றைக்கோ தீர்மானமாகிவிட்ட பிரதேசம் இது. ஆயினும், பட்டுக்கோட்டையைத் தாண்டிக் கடலை நோக்கிப் போகிறவர்கள், அதிராம்பட்டினத்தில் கால்பந்துத் தொடர் போட்டி நடக்கும் மாலைப் பொழுதுகளில், கோட்டுக்கு வெளியே இடம் போதாமல் மதில் மீதும் மோட்டார் சைக்கிள் இருக்கைகள் மீதும் ஏறி நிற்கும் ஜனங்களைப் பார்த்திருந்தால், கால்பந்து அபிமானம் டெல்டாவுக்கு அந்நியமானது என்று சொல்லமாட்டார்கள்.

அத்தகைய ஒரு மைதானத்தில், வெளியூரிலிருந்து வந்த அணியிடம் உள்ளூர் அணி தோற்றுவிட்ட மாலையில், கூட்டம் எப்படிக் கலைகிறது என்பதைக் கவனிப்பது ஒரு சுவாரசியமான அனுபவம். முதலில் சற்று நேரம் யாரும் பேசுவதில்லை. பிறகு ரெஃப்ரியின் மீது முதல் குற்றச்சாட்டு எழுகிறது: "அது அப்பட்டமான ஆஃப் சைடுங்க, அவருக்குக் கண்ணு தெரியலையா?" அடுத்தது தரையின் மேடு பள்ளம். அதற்கும் அடுத்தது, "நம்ம நல்ல பிளேயரெல்லாம் துபாய்லயும் சவூதியிலயும் கிடக்கிறானுங்க, இருக்கிறவனை வச்சு என்ன பண்றது?" என்ற வாதம்; இருபது வயது நிரம்புவதற்குள் பாஸ்போர்ட்டைத் தேடுகிற கடலோர ஊர்களைப் பொறுத்தவரை, இதில் ஓரளவு சத்தியமும் இருக்கத்தான் செய்கிறது. இவ்வளவும் சொல்லித் தீர்ந்த பிறகு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், கடைசியாக ஒரு பெயர் வெளிப்படுகிறது. அது பெரும்பாலும் கோல்கீப்பரின் பெயர். அந்தக் கடைசிப் பெயரைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 18ஆம் தேதி, ஆயுத பூஜை தினத்தன்று, சென்னைப் பெரியமேட்டிலுள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் இந்தியன் சூப்பர் லீக் ஆட்டம் ஒன்று நடைபெற்றது. சென்னையின் எஃப்.சி. என்ற நமது மாநிலத்து அணியை எதிர்த்து ஆடியது, கவுகாத்தியைச் சொந்த ஊராகக் கொண்ட நார்த்ஈஸ்ட் யுனைடெட். சென்னை அணியோ அவ்வாண்டு மார்ச் மாதத்தில்தான் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தது. ஆனாலும் புதிய பருவம் சரியாகத் தொடங்கவில்லை. பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு அதே மைதானத்தில் கோவா அணியிடம் 1–3 என்று தோற்றிருந்தது. அன்று மாலையோ எல்லாம் சுபசகுனமாகவே ஆரம்பித்தது. எதிரணியின் ரவ்லின் போர்ஜஸ் மீது பட்ட பந்து அவர்கள் வலைக்குள்ளேயே புகுந்து சேம் சைடு கோலாக, நம்மவரான தோய் சிங் மேலும் இரண்டு கோல்களைப் போட, 3–1 என்ற முன்னிலையைக் கண்டு, நீலச் சட்டை அணிந்த கூட்டம் பண்டிகையைப் பூரணமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அப்பொழுதுதான் நைஜீரியா தேசத்து ஓக்பெச்சே, ஏற்கனவே ஒரு கோல் போட்டிருந்தவர், இடைவேளைக்கு முன்னரே மேலும் இரண்டைப் போட்டு மூன்றுக்கு மூன்று என்று சமன் செய்தார். இடைவேளைக்குப் பின்னர் வெற்றிக் கோலைப் போட்டவர் வேறு யாருமில்லை. ஆரம்பத்தில் சேம் சைடு கோல் போட்ட அதே ரவ்லின் போர்ஜஸ்தான். நான்குக்கு மூன்று. கதிர் முற்றி, அறுவடை இயந்திரத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்ட குறுவை வயலில் ஐப்பசி மழை இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் நிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

வெளியூரில் தோற்பது வேறு, சொந்த மண்ணில் தோற்பது வேறு. வெளியூர்த் தோல்வி தொலைக்காட்சியில் வருகிறது. பெட்டியை அணைத்துவிட்டால் பாதி துக்கம் தீர்ந்துவிடும். சொந்த மண்ணில் நேரும் தோல்விக்கு ரசிகன் சாட்சியாகிறான். சாட்சி மட்டுமல்ல, தான் போட்ட கூச்சலும் அடித்த மேளமும் தன் பங்கு என்று நம்பிக்கொண்டிருப்பதால், தானும் ஏதோ ஒரு விதத்தில் தோற்றுவிட்டதாகவே உணர்கிறான். ஆட்டம் பார்ப்பதற்கென்றே டெல்டாவிலிருந்து சென்னைக்குப் போய்விட்டு, எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி இரவெல்லாம் உறங்காமல் விடியற்காலையில் தஞ்சாவூர் நிலையத்தில் இறங்குகிற ஒரு வாலிபனிடம், "இதெல்லாம் ஒரு விளையாட்டுதானே தம்பி" என்று சமாதானம் சொல்வதை நான் நாகரிகமான காரியமாகக் கருதவில்லை. அவனுக்குக் கோபம் வர உரிமை உண்டு. அபிமானம் இல்லாத இடத்தில் கோபமும் இல்லை. அந்த அணியைச் சட்டை செய்யாதவன் அன்றிரவு நிம்மதியாகச் சுண்டல் சாப்பிட்டிருப்பான்.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சென்னைத் தோல்விக்கு ஏழு மாதங்களுக்கு முன்னர், மார்ச் 17ஆம் தேதி, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இறுதி ஆட்டம் நடந்தபோது, பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி முதல் கோலைப் போட்டதும் அந்த ஊர் ரசிகர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். பிறகு மெயில்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு கோல்களும், ரஃபேல் அகஸ்டோ ஒரு கோலும் போட, நாம் 3–2 என்று வென்றோம். அன்று அவர்களுடைய சொந்த மண்ணில் அவர்கள் அழுதபோது நம்மில் யாரும் அனுதாபப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆட்டத்தின் சுபாவம் அப்படி.

சொந்த மண்ணில் நேர்ந்த தோல்விகளிலெல்லாம் பெரிது என்று உலகம் ஒப்புக்கொள்வது, 1950ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோ நகரத்து மரக்கானா மைதானத்தில் பிரேசில் தேசம் அடைந்த தோல்வி. சீட்டு வாங்கி உள்ளே போனவர்கள் மட்டும் 1,73,850 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தஞ்சாவூர் நகரத்தின் ஜனத்தொகையே ஏறக்குறைய 2,22,000தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கூட்டத்தின் பிரம்மாண்டம் ஒருவாறு மனத்துக்கு எட்டும். உலகக் கோப்பையை வெல்லப் பிரேசிலுக்கு அன்று வெற்றிகூட வேண்டியதில்லை. சமன் செய்தாலே போதும். கோப்பையை வழங்க வந்திருந்த சர்வதேசக் கால்பந்து சம்மேளனத் தலைவர் ஜூல் ரிமே, பிரேசில் வீரர்களைப் பாராட்டிப் போர்த்துகீசிய மொழியில் பேச ஒரு பிரசங்கத்தையே தயாரித்து வைத்திருந்தார். இடைவேளைக்குப் பின் பிரேசில் முதல் கோலையும் போட்டது. ஆனால் சின்னஞ்சிறு தேசமான உருகுவே 66ஆம் நிமிடத்தில் சமன் செய்து, 79ஆம் நிமிடத்தில் கிஜியா என்ற வீரரால் இரண்டாவது கோலையும் அடித்துவிட்டது. அந்தப் பிரசங்கம் ரிமேயின் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

சாவ் பாலோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், இந்த ஆட்டத்தை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், தாமே பந்தாட்டக்காரராக இருந்தவர், ஆட்டம் முடிந்ததும் வாய்விட்டு அழுதார். தந்தை அழுவதை அதுவரை பார்த்திராத ஒன்பது வயது மகன், "அழாதீர்கள் அப்பா, உங்களுக்காக நான் உலகக் கோப்பையை வென்று வருவேன்" என்று பிரதிக்ஞை செய்தான். எட்டே ஆண்டுகளில், 1958இல், அதை நிறைவேற்றவும் செய்தான். அவன்தான் பெலே. பிற்காலத்தில் அவரே சொன்ன வரலாறு இது. வானொலியில் பேசுகிற எனக்கு இந்தச் சம்பவத்தின் மீது தனியான பிரியம் உண்டு என்பதை மறைப்பானேன்?

ஆனால் அன்றைய தோல்விக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அது இவ்வளவு இனிமையானதல்ல. பிரேசிலின் கோல்கீப்பர் மோவசீர் பார்போசா என்பவர் கறுப்பினத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் அந்நாட்டின் மிகச் சிறந்த காப்பாளராக மதிக்கப்பட்டவர். உருகுவேயின் முதல் கோலுக்குக் காரணமான பந்தைக் கிஜியா வலப்புறத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிக் கொடுத்திருந்தார். இரண்டாம் முறையும் அவ்விதமே செய்வார் என்று எதிர்பார்த்துப் பார்போசா ஓரடி முன்னால் நகர்ந்தார். கிஜியாவோ இம்முறை நேராகவே உதைத்துக் கம்பத்துக்கும் காப்பாளருக்கும் இடையே பந்தைச் செலுத்திவிட்டார். எந்தப் புத்திசாலியான கோல்கீப்பரும் அந்த நிலைமையில் செய்திருக்கக்கூடிய காரியத்தைத்தான் பார்போசா செய்தார். ஆயினும் முன்களத்தில் வாய்ப்புகளைத் தவறவிட்டவர்களையும், ஆட்டத்துக்கு முன்பே வெற்றி விழா கொண்டாடிய பிரமுகர்களையும் விட்டுவிட்டு, ஒரு தேசமே தன் துக்கம் முழுவதையும் அந்த ஒரு மனிதர் தலையில் சுமத்தியது. 1993ஆம் ஆண்டில், அதாவது நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, பயிற்சியிலிருந்த பிரேசில் வீரர்களை வாழ்த்தலாம் என்று போனவரை, துரதிர்ஷ்டம் பிடித்தவர் என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், எழுபத்தொன்பதாவது வயதில், அந்த அபவாதம் நீங்காமலே அவர் காலமானார். ரசிகர்கள் என்ற முறையில் நாம் வெட்கப்பட வேண்டிய சரித்திரம் அது.

நம் தேசத்திலும் இதற்கு இணையான ஒரு சந்தர்ப்பம் ஏற்பட்டது. தெய்வாதீனமாக அதன் முடிவு வேறு விதமாக அமைந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி, கோவாவில் மட்காவ் நகரத்து ஃபத்தோர்தா மைதானத்தில், உள்ளூர் அணியான எஃப்.சி. கோவாவும் நமது சென்னை அணியும் இறுதி ஆட்டத்தில் மோதின. 87ஆம் நிமிடத்தில் ஜோஃப்ரே என்பவர் போட்ட கோலால் கோவா 2–1 என்று முந்தியது. இன்னும் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் கோப்பை வீட்டுக்கு வந்துவிடும். 90ஆம் நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி, தடுக்கப்போன பந்தைத் தம் வலைக்குள்ளேயே விட்டுவிட்டார். கணக்கில் அது சேம் சைடு கோலாகவே பதிவாயிற்று. அடுத்த இரண்டே நிமிடத்தில் நம் மெண்டோசா வெற்றிக் கோலைப் போட்டார். தம் மாநிலத்து ஜனங்களின் கண் முன்னே, ஜெயித்துவிட்ட ஆட்டத்தைக் கை நழுவவிட்டவர் என்ற பெயரை ஒரு காப்பாளர் எவ்வளவு காலம் சுமக்க வேண்டியிருக்கும் என்பதற்குப் பார்போசாவின் கதையே போதும்.

ஆனால் கட்டிமணிக்கு ஆட்டத்தைத் தொடர வழி கிடைத்தது. பின்னர் ஹைதராபாத் அணிக்குப் போனார். 2022ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி, அதே ஃபத்தோர்தா மைதானத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிரான இறுதி ஆட்டம் 1–1 என்று சமனாகிப் பெனால்டிக்குப் போனபோது, எதிரணியின் மூன்று உதைகளைத் தடுத்து நிறுத்தி, 3–1 என்று ஹைதராபாத்துக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவரேதான். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் எந்த மைதானத்தில் தலைகுனிந்து நின்றாரோ அங்கேயே இது நடந்தது. கதாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறதென்று பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். 2018 அக்டோபரில் பெற்ற அந்த அடியிலிருந்து நம் அணி அந்தப் பருவத்தில் எழுந்திருக்கவே இல்லை. பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, பத்து அணிகளில் கடைசி இடம். முந்தைய ஆண்டின் சாம்பியன் கடைசியில் போய் நிற்பதற்கு ஒரு மனிதரின் கையோ காலோ காரணமாக இருக்க முடியாது. நடுக்களத்தில் ஆட வேண்டிய வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போனார். பழைய காவலர்கள் சிலர் பிரிந்துவிட்டார்கள். வெற்றி தந்த மமதையும் சிறிது இருந்திருக்கலாம். ஆனால் டீக்கடைத் தீர்ப்புக்கு இத்தனை காரணங்கள் செல்லுபடியாவதில்லை. அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

டெல்டா ரசிகர்களில் பலர் அந்தப் பருவத்தின் எஞ்சிய பகுதியைப் பார்க்கவே இல்லை. நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்து, மின் கம்பங்களையும் முறித்துப் போட்டதில், பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தொலைக்காட்சிப் பெட்டி இருந்தென்ன, இல்லாமல் என்ன?

அடுத்த பருவத்தில், ஓவன் காயில் என்ற புதிய பயிற்சியாளரின் கீழ், அந்தக் கடைசி இடத்து அணியே இறுதி ஆட்டம் வரை முன்னேறியது. 2020ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி நடந்த அந்த ஆட்டத்தைக் கொரோனா அச்சத்தால் ரசிகர் ஒருவரையும் அனுமதிக்காமல் நடத்தினார்கள். கல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் நம்மவர்கள் 3–1 என்று தோற்றார்கள். திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லாத தோல்வி அது. பிறகு இரண்டு பருவங்கள் கோவாவிலேயே நடத்தப்பட்டன. 2022 அக்டோபரில்தான் பெரியமேட்டுக்கு ஆட்டம் திரும்பியது.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கிலோ, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்திலோ ஒரு மாலை கால்பந்து ஆட்டம் நடந்தால், போய்ப் பாருங்கள். உள்ளூர் அணி தோற்றால் ரெஃப்ரியைத் திட்டுங்கள், தரையைத் திட்டுங்கள், துபாயையும் வேண்டுமானால் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் கோல் கம்பத்தருகே கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கும் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, டீக்கடைக்கு உங்களோடு அழைத்துப் போய், அவனுக்கும் ஒரு டீ சொல்லுங்கள்.