பாற்கடல் அருவி

 

கோவாவின் மலைச்சரிவில் வீழும் தூத்சாகர் அருவியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். பாற்கடல் என்பதே அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 310 மீட்டர் உயரத்தினின்று படிப்படியாய் இறங்கும் வெண்புனலைப் புகைவண்டியில் இருந்தபடியே காணலாம். இருப்புப்பாதை அருவியின் குறுக்கே செல்கிறது. அப்புனல் பின்னர் மாண்டவி ஆற்றைச் சேர்கிறது.

மழை தருவது வானம். அதனைச் சேமித்து வைப்பது காடு. சருகும் வேரும் நீரை மண்ணுக்குள் இறக்கி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு ஈகின்றன. காடு குன்றினால் கார்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறண்ட பாறையுமே எஞ்சும். ஆதலால் அருவியைக் காண்போர் அதனைச் சூழ்ந்த மொல்லம் தேசியப் பூங்காவையும் கருத்தூன்றிக் காணல் வேண்டும்.

அவ்விருப்புப்பாதையை இருவழியாக்கும் திட்டம் எழுந்தபோது, 2020இல் கோவா மக்கள் காட்டுக்காகக் குரல் கொடுத்தனர். 2022இல் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்திற்குத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு அளித்த இசைவை நீக்கியது.

அன்பர்களே! பிழைக்க வந்த நம்மை இம்மண் தன் நீர் தந்து புரக்கின்றது. இதன் காட்டைக் காக்கும் கடன் மண்ணின் மைந்தர்க்கு மட்டுமன்று, நமக்கும் உண்டு. பூங்காவிற்குச் செல்லுங்கள், குப்பையிடாது, விலங்குகளை வருத்தாது, விதிகளை மதித்துக் கண்டு மகிழுங்கள், நும் மக்களுக்கும் காட்டுங்கள்.