கல்லீரலின் வாசலில் தேங்கும் இரத்தம்



மது ஹராம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அது இரத்த ஓட்டத்தை எவ்வாறு திசைதிருப்புகிறது என்பதை அறிந்தோர் சிலரே.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கல்லீரலைச் சென்றடைகிறது. அதில் பெரும்பகுதி குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. பல்லாண்டு குடித்தவரின் கல்லீரல் தழும்பேறி இறுகும்போது அவ்வழி நெருக்கப்படுகிறது. வாய்க்கால் அடைத்தால் வரப்பு உடையுமல்லவா? தேங்கிய இரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய சிரைகளில் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. வலி இராது. அவை வெடிக்கும் நாளில் இரத்த வாந்தி! அதையும் 'அல்சர்' என்று நம் வீடுகளில் மறைப்பதுண்டு. மறைக்கும் அந்த நாழிகையில் உயிர் போய்விடலாம். எண்டோஸ்கோபி மூலம் அச்சிரைகளை முன்னரே கண்டு கட்டுப்போட இயலும்.

ஆகவே, குடிப்பவரின் கண் மஞ்சளித்தாலோ, வயிற்றில் நீர் கோத்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, ஏசுவதைப் பிறகு வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோமாக. எத்தனை ஆண்டு குடித்தார் என்பதையும் மருத்துவரிடம் ஒளிக்காது சொல்வோமாக.