தரப்பட்டவை போதுமா?

நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்ததும் அதன் பரப்பை அறிந்துவிட்டதாக எண்ணுவோர் எக்காலத்தும் உளர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் யூக்கிளிட்டின் நூலுக்கு உரை எழுதிய புரோக்குளசு என்னும் கிரேக்க அறிஞர், நிலப் பங்கீட்டில் நிகழ்ந்த வஞ்சகம் ஒன்றைக் குறித்து வைத்துள்ளார். சிலர் சுற்றளவு மிகுந்த நிலத்தைப் பிறருக்குக் கொடுத்து, நேர்மையாளர் என்று பெயரும் பெற்று, பரப்பு மிகுந்த நிலத்தைத் தமக்கு வைத்துக்கொண்டனராம். ஏமாந்தோர் அளக்கத் தெரியாதவரல்லர். சுற்றளவு ஒன்றைக்கொண்டு பரப்பை அறிய இயலாதென்பதே அவர்கள் அறியாதது.

கேத்திரகணிதத்தில் இவ்வறிவைச் சோதிக்கும் வினாக்கள் உண்டு. ஒரு வினாவும் இரண்டு கூற்றுக்களும் தரப்படும். விடையைக் காணுமாறு கேட்பதில்லை. ஒரு கூற்று மட்டும் போதுமா, இரண்டும் சேரவேண்டுமா, சேர்ந்தாலும் போதாதா என்பதைக் கூறினாற் போதும்.

ஒரு செவ்வகத்தின் பரப்பளவு வேண்டும். சுற்றளவு 14 அடி என்பது முதற் கூற்று. பக்கங்கள் 6 அடியும் 1 அடியுமாயின் பரப்பு 6 சதுர அடி. 4 அடியும் 3 அடியுமாயின் 12 சதுர அடி. ஒரே செய்திக்குப் பொருந்தும் இரண்டு உருவங்கள் இரு வேறு விடைகளைத் தருகின்றன. ஆகவே இக்கூற்றுத் தனித்துப் போதாது. போதாமையைக் காட்டும் வழி இதுவே.

மூலைவிட்டம் 5 அடி என்பது இரண்டாவது கூற்று. இதுவும் தனித்துப் போதாது. அதே மூலைவிட்டமுடைய சதுரத்தின் பரப்பு பன்னிரண்டரை சதுர அடியாகும். இரண்டையும் சேர்த்தால் நிலை மாறுகிறது. நீள அகலங்களின் கூட்டுத்தொகை 7. அதன் வர்க்கம் 49. பைதகரசு தேற்றத்தின்படி அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 25. எஞ்சிய 24 பரப்பின் இருமடங்கு. எனவே பரப்பு 12 சதுர அடி. ஆனால் இரண்டாவது கூற்று, "நீளமும் அகலமும் சேர்ந்து 7 அடி" என்றிருந்தால் பயனில்லை. முதற் சாட்சி சொன்னதையே இரண்டாம் சாட்சியும் சொன்னது போலாகும்.

சில இடங்களில் குறைவாகத் தோன்றுவதே போதுமானதாக அமையும். 40 சதுர அடிச் செவ்வகமொன்றின் ஒரு பக்கம் முழுவதையும் அடியாகக் கொண்டு, எதிர்ப்பக்கத்தில் உச்சி அமைய ஒரு முக்கோணி வரையப்படுகிறது. உச்சி எந்த இடத்தில் என்று சொல்லப்படவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. உச்சி எங்கிருப்பினும் உயரம் மாறாது. முக்கோணி செவ்வகத்திற் பாதியாகிய 20 சதுர அடியே. யூக்கிளிட்டு தமது முதலாம் புத்தகத்தின் 41ஆம் தேற்றத்தில் இவ்வுண்மையை இணைகரங்களுக்குப் பொதுவாக நிறுவியுள்ளார்.

மாறாக, ஒரு முக்கோணியின் இரு பக்கங்கள் 6 அடி, 8 அடி எனத் தெரிந்தாலும் பரப்புத் தெரியாது. இடைக்கோணம் செங்கோணமானால் 24 சதுர அடி. அல்லாவிடின் அதனிற் குறையும். படத்தில் செங்கோணம்போல் தோன்றுவது சான்றாகாது. அக்கோணம் செவ்வகத்தின் மூலையென்று கூறியிருந்தால் மட்டுமே அதனை ஏற்கலாம்.

காணி பிரிப்போரும் வாங்குவோரும், அளவுகள் சொல்லப்படும்போது, அதே அளவுகளுக்குள் வேறு உருவம் அமையுமா என்று ஒருமுறை வரைந்து பார்ப்பாராக. அமையுமாயின், இன்னும் ஓர் அளவைக் கேட்டறிந்த பின்னரே உடன்படுதல் வேண்டும்.