உறைக்குள் மறையும் உழைப்பு



தொழில்களை இரு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். செய்த வேலை என்றும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும் தொழில்கள் ஒரு வகை. முடிந்த அளவிலேயே வேலை மறைந்துபோகும் தொழில்கள் மற்றொரு வகை. தச்சர் செதுக்கிய பூவேலையை நாம் தடவிப் பார்த்து மகிழ்கிறோம். பொற்கொல்லர் செய்த நகையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வியக்கிறோம். ஆனால், வீட்டுக்கு அடித்தளம் இட்ட கொத்தனாரின் கைத்திறனை யார் பார்க்கிறார்கள்? சுவர் எழும்பியதும் அது மண்ணுக்குள் போய்விடுகிறது. இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு தொழிலைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். நாற்காலிக்கும் சாய்விருக்கைக்கும் மெத்தை அமைத்து உறையிடும் தொழில் அது. ஆங்கிலேயர் இத்தொழில் செய்பவரை ‘அப்ஹோல்ஸ்டரர்’ என்பர். நம் கடைத்தெருவில் ‘சோபா வேலைக்காரர்’ என்றோ, ‘குஷன் வேலைக்காரர்’ என்றோ சொல்வார்கள். இப்பேச்சில் அவரை ‘மெத்தை வினைஞர்’ என்று அழைக்கிறேன்.

பாயும் திண்ணையும் நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்ற இருக்கைகள். குளிர் மிகுந்த ஐரோப்பாவிலோ, வெறும் மரப்பலகையில் நெடுநேரம் உட்காருவது துன்பம். ஆகவே, இருக்கைக்குள் மென்மையான பொருளை நிரப்பித் துணியால் மூடும் கலை அங்கே வளர்ந்தது. லண்டன் மாநகரில் 1360 ஆம் ஆண்டிலேயே இத்தொழிலாளர் தமக்கென்று விதிகள் வகுத்துக்கொண்ட ஒரு சங்கமாக இருந்தனர். அக்காலத்தில் அவர்கள் நாற்காலி மட்டும் செய்தவர்கள் அல்லர். படுக்கை, தலையணை, திரைச்சீலை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிற்காலத்தில், செல்வர் வீடுகளில் துக்கம் நேர்ந்தால் கறுப்புத் துணி கட்டி இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்யும் பணியும் அவர்களைச் சேர்ந்தது.

இத்தொழிலில் தொடக்கம் முதலே ஒரு சிக்கல் இருந்து வந்திருக்கிறது. வாங்குபவருக்கு வெளித்துணி தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. உள்ளே இருப்பது தெரியாது என்பதே ஏமாற்ற விரும்புபவனுக்கு வசதி. இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி மன்னர் ஆட்சியில், 1495 ஆம் ஆண்டில், இதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டிகளில் கழித்த மாட்டுமயிர், மான்மயிர், ஆட்டுமயிர், குதிரைமயிர், சதுப்புநிலத்துப் புல்லின் பஞ்சு ஆகியவற்றைத் திண்டுகளில் அடைத்துச் சந்தையில் விற்றார்கள். மனித உடலின் சூடு பட்டவுடன் அவை பொறுக்க முடியாத நாற்றம் வீசின. நோயையும் பரப்பும் என்று மக்கள் அஞ்சினர். தூய பொருள் தவிர வேறெதையும் உள்ளே அடைத்து விற்கலாகாது என்று அச்சட்டம் தடுத்தது. 1626 ஆம் ஆண்டில் முதலாம் சார்லஸ் மன்னர் மெத்தை வினைஞர் சங்கத்துக்கு அரசப் பட்டயம் வழங்கினார். பிறர் செய்த சரக்கைச் சோதித்துப் பார்த்துக் குறையுடையதைப் பறிமுதல் செய்யும் உரிமையும் அச்சங்கத்துக்கு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான் காவல் மிகுதியாக வேண்டும் என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர்.

பிரான்சு நாட்டில் இத்தொழில் அரண்மனை வரை மதிப்புப் பெற்றிருந்தது. உலகப் புகழ் பெற்ற நாடக ஆசிரியர் மோலியேரை உங்களில் கல்லூரி மாணவர்கள் அறிந்திருப்பீர்கள். 1622 ஆம் ஆண்டில் பிறந்த அவர், பாரிசு நகரத்து மெத்தை வினைஞர் ஒருவரின் மகன். தந்தையார் மன்னருக்கு மெத்தை வினைஞராகப் பதவி வகித்தவர். அப்பதவிக்கு உரியவர்கள் ஆண்டில் மூன்று மாதம் அரண்மனையில் இருந்து, மன்னரின் படுக்கையை விரிக்கவும் அறைகலன்களைப் பேணவும் கடமைப்பட்டவர்கள். அந்த வாரிசுரிமையை மோலியேர் 1643 இல் துறந்து நாடகக் குழு அமைத்தார். ஆனால், 1660 இல் தம்பி இறந்தபின் அப்பட்டத்தை மீண்டும் ஏற்று, 1673 இல் தாம் இறக்கும் வரை வைத்திருந்தார். அவர் எழுதிய கஞ்சனைப் பற்றிய நாடகத்தில், கடன் கேட்டு வந்த இளைஞனிடம், பணத்தில் ஒரு பகுதிக்கு ஈடாகப் பழைய கட்டிலும் நாற்காலிகளும் இன்னும் பல தட்டுமுட்டுச் சாமான்களும் தலையில் கட்டப்படுகின்றன. அந்தப் பட்டியலை எழுதிய கை ஒரு மெத்தைக் கடையில் வளர்ந்த கை என்பதை நினைத்தால் நமக்குச் சிரிப்பு இரட்டிப்பாகிறது.

இனி, அந்த வேலை எப்படி நடைபெறுகிறது என்று பார்ப்போம். சுருள்வில் வைத்த இருக்கைக்கு 1822 இல் வியன்னா நகரத்து மெத்தை வினைஞர் ஒருவர் உரிமம் பெற்றார். அதன்பின் ஐரோப்பா எங்கும் பரவிய முறையையே இன்று ‘பழைய முறை’ என்கிறோம்.

முதலில் வெறும் மரச்சட்டம் வருகிறது. அதன் அடிப்பகுதியில், இரண்டு அங்குல அகலமுள்ள சணல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னுவதுபோல் கோத்து, ஒரு சிறு மரக்கருவியால் இறுக இழுத்து ஆணி அறைவர். பட்டை தளர்ந்தால் மேலே செய்யும் அத்தனை வேலையும் வீண். அப்பட்டைகளின் மேல் சுருள்விற்களை நிறுத்தி, வளைந்த ஊசியால் அடியில் தைப்பர். பின்பு உறுதியான கயிற்றால் ஒவ்வொரு வில்லையும் சற்றே அமுக்கி, அடுத்த வில்லோடும் மரச்சட்டத்தோடும் முடிச்சிட்டுப் பிணைப்பர். ஒருவர் உட்காரும்போது எல்லா விற்களும் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து எழ வேண்டும். ஒன்று மட்டும் தனியே சாயலாகாது. வில்லின் மேல் சாக்குத்துணி. சாக்குத்துணியின் மேல் தென்னை நாரோ குதிரைமயிரோ பரப்பி, மெல்லிய சணல்துணியால் மூடுவர். அடுத்ததுதான் மிகக் கடினமான பகுதி. இருபுறமும் கூரான நீண்ட ஊசியை உள்ளே செலுத்தி, நாரை ஓரத்துக்கு இழுத்து இழுத்துத் தைத்து, இருக்கையின் விளிம்பைச் சுற்றிலும் ஓர் உறுதியான உருளையாக ஆக்குவர். கட்டை இல்லாமல், நாராலும் நூலாலும் மட்டுமே எழுப்பிய சுவர் அது. பிறகு இரண்டாவது அடுக்குக் குதிரைமயிர், அதன்மேல் காடாத்துணி, பஞ்சுப் படலம். இவ்வளவும் முடிந்த பின்னரே வாங்குபவர் காணும் அழகிய உறை.

இவ்வேலையில் ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும். மறு கை சுத்தியலை ஏந்தும். ஆணியை எடுக்க மூன்றாவது கை ஏது? ஆகவே, சிற்றாணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, நாவினால் ஒவ்வொன்றாகத் தலைப்புறம் முன்வரத் தள்ளி, காந்தச் சுத்தியலின் முனையில் ஒட்டவைத்து அறைவது இத்தொழிலின் வழக்கம். அதற்காகவே கிருமி நீக்கிய ஆணிகள் விற்கப்பட்டன.

1495 இல் தடை செய்யப்பட்ட குதிரைமயிர் பின்னாளில் எப்படி மிகச் சிறந்த பொருளாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பொருள் மாறவில்லை, பொருளைத் தூய்மை செய்யும் உழைப்பு மாறியது. மயிரை நன்றாகக் கழுவி, கயிறாக முறுக்கி, நீராவியில் வேகவைத்து, மீண்டும் பிரித்தால் ஒவ்வொரு இழையும் சிறு வில்லைப்போல் சுருண்டு நிற்கும். பல்லாண்டு கழித்தும் அதை எடுத்து, கழுவி, கோதி, மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால், அந்த மென்மைக்குச் சிலர் விலை கொடுத்தார்கள். கழுவாத மயிரைப் பிரித்த தொழிலாளர் அடைப்பான் நோய்க்கு ஆளாயினர். இறக்குமதியாகும் கம்பளியாலும் மயிராலும் வரும் அந்நோயைத் தடுக்கப் பிரிட்டன் 1919 இல் தனிச் சட்டமே இயற்றியது.

இன்னொன்றையும் இங்கே கருதிப் பாருங்கள். பட்டைக்கும் சாக்குத்துணிக்கும் ஆன சணல், வங்காளத்து வயல்களில் விளைந்து, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைகளில் நெய்யப்பட்டது. தென்னை நார் இலங்கையிலிருந்து கப்பலேறியது. மெத்தைக்கு ஆகும் நார் என்றே அங்கே ஒரு தனித்தரம் பிரித்து விற்கப்பட்டது. ஆங்கிலேயப் பிரபு சாய்ந்திருந்த இருக்கையின் உறைக்குள்ளே, நீரில் நின்று சணல் உரித்த வங்காள உழவனின் உழைப்பும், மட்டை அடித்து நார் எடுத்த இலங்கைப் பெண்ணின் உழைப்பும் மறைந்து கிடந்தன.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் வெள்ளையர் காலத்து நாற்காலி ஒன்று இருந்தது. அதன் இருக்கை தொய்ந்துபோனபோது, ஊரில் இத்தொழில் செய்துவந்த முதியவர் ஒருவரை வரவழைத்தேன். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். நானும் அப்படியே அழைப்பது வழக்கம். அவர் உறையைக் கிழித்து, ஒவ்வோர் அடுக்காகப் பிரித்து, தரையில் விரித்த துணியில் வரிசையாக வைத்தார். நாரும் மயிரும் நிறம் மங்கியிருந்தனவே தவிர, கெடவில்லை. அடிப்பட்டைகள் மட்டுமே அறுந்திருந்தன. சட்டத்தின் உட்புறத்தில் யாரோ பென்சிலால் எழுதிய ஓர் ஆண்டு இருந்தது: 1938.

“யார் செய்தாரோ தெரியாது, சார். ஆனால், ஒரு முடிச்சில்கூடக் கள்ளம் இல்லை” என்றார்.

“இவ்வளவு காலம் இதை யாரும் திறந்து பார்க்கவில்லையே, பாய்?” என்றேன்.

“பார்க்க மாட்டார்கள், சார். அடுத்துப் பார்க்கப் போகிறவன் என்னைப்போல் ஒரு வேலைக்காரன்தான். அவன் என்னைத் திட்டாமல் இருக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு, பழைய மயிரையே உதறிக் கோதி மீண்டும் பரப்பத் தொடங்கினார். இத்தொழிலின் அறநூல் முழுவதும் அவருடைய அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1929 அளவில் ரப்பர்ப் பாலிலிருந்து நுரைப்பஞ்சு செய்யக் கற்றார்கள். 1937 இல் ஜெர்மானிய வேதியியலார் ஆட்டோ பாயர் பாலியூரிதேன் என்ற பொருளை உருவாக்க, 1950 களில் அதன் நுரைப்பஞ்சு சந்தைக்கு வந்தது. வேண்டிய அளவுக்கு வெட்டி, சட்டத்தில் வைத்து, துணி போர்த்தினால் போதும். நாட்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. செல்வர் வீட்டில் மட்டும் இருந்த மெத்தை இருக்கை எளியவர் வீட்டுக்கும் வந்தது. அது நன்மைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால், உறைக்குள் என்ன இருக்கிறது என்ற பழைய கேள்வி வேறு வடிவில் திரும்பி வந்தது. 1979 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துப் பெரிய கடை ஒன்றில், அறைகலன் அடுக்கியிருந்த தளத்தில் தீப்பற்றியது. சாதாரண நுரைப்பஞ்சு மிக விரைவில் எரியும். எரியும்போது நச்சுப்புகை கக்கும். அன்று பத்துப் பேர் மாண்டனர். அந்நாட்டு வீடுகளிலும் இத்தகைய தீயினால் உயிர்கள் பலியாயின. அதன்பின் 1988 ஆம் ஆண்டில், இருக்கையின் உறையும் உட்பொருளும் தீச்சோதனையில் தேற வேண்டும் என்று பிரிட்டன் விதி செய்தது. 1495 இல் நாற்றத்துக்கு அஞ்சிச் சட்டம் செய்தவர்களின் வழித்தோன்றல்கள், ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப்பின், நெருப்புக்கு அஞ்சி மீண்டும் சட்டம் செய்தார்கள்.

இவ்விரு சட்டங்களுக்கும் பொதுவான ஓர் இயல்பைக் கவனியுங்கள். இரண்டும் தீங்கு நேர்ந்த பின்னர் வந்தவை. சட்டம் பெரும்பாலும் பின்னால் வருவது. மனச்சான்று ஒன்றுதான் முன்னால் நிற்கக்கூடியது. பட்டையை இறுக இழுப்பதா, சற்றுத் தளர விடுவதா என்று மெத்தை வினைஞர் தீர்மானிக்கும் நேரத்தில், அவர் அருகில் எந்த அதிகாரியும் இல்லை. ஆணி வாயில் இருக்கிறது. சுத்தியல் கையில் இருக்கிறது. தீர்ப்பு அவர் உள்ளத்தில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! நீங்கள் நாளை பொறியாளர் ஆகலாம், மருந்து தயாரிக்கலாம், கணக்கு எழுதலாம், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். எத்துறையில் நுழைந்தாலும், உங்கள் வேலையில் பெரும்பகுதி ஏதேனும் ஓர் உறைக்குள் மறைந்தே போகும். பாலத்தின் தூணுக்குள் இட்ட கம்பியை அதன்மேல் செல்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை. நோயாளி மாத்திரையை உடைத்துச் சோதிப்பதில்லை. உங்களை நம்பி அவர்கள் அமர்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நீங்கள் இருக்க வேண்டுமென்றால், இப்போதே ஒரு பழக்கம் தொடங்குங்கள். ஆசிரியர் திருத்த மாட்டார் என்று தெரிந்த பயிற்சியையும் திருத்தப்படும் பயிற்சியைப் போலவே எழுதுங்கள். யாரும் புரட்டாத பக்கத்தில்தான் ஒருவருடைய உண்மையான கையெழுத்து இருக்கிறது.