வந்த ஆண்டும் வந்த வாசலும்



அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்டார்ம் லேக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் சோளக்காடு, கரையோரம் ஏரி, ஊர் ஓரத்தில் பன்றி இறைச்சி ஆலை. அந்த ஆலை 1981-இல் மூடப்பட்டு, மறு ஆண்டு ஐபிபி நிறுவனத்தின் கைக்கு மாறித் திறந்தது. தொழிற்சங்கம் பேசிப் பெற்றிருந்த பழைய கூலி திரும்பவில்லை. குறைந்த கூலிக்கு உள்ளூரில் ஆள் தங்கவில்லை. அந்த இடத்துக்கு வந்து நின்றவர்கள் லாவோஸ் அகதிகள். 1990களில் அதே வரிசையில் சூடானியரும் வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே எலும்பைத் தொடும் குளிர். கம்பிவலைக் கையுறை, வெள்ளை மேலங்கி, கையில் கத்தி. நகர்ந்து வரும் இறைச்சியில் ஓர் ஆள் ஒரே வெட்டைத்தான் போடுவார். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை. வீடு திரும்பும்போது விரல் மடங்காது, மணிக்கட்டு வீங்கியிருக்கும். அங்கே ஆங்கிலம் பெரிதாகத் தேவைப்படுவதில்லை, சான்றிதழை யாரும் கேட்பதில்லை. மேகாங் ஆற்றைக் கடந்து வந்தவரும் நைல் கரையிலிருந்து வந்தவரும் தோளோடு தோள் நின்றது அந்த வரிசையில்தான். அந்த வாசலைத் தாண்டிய பிறகு இரு சமூகங்களின் பொருளாதாரக் கணக்கு ஏன் வேறுவேறாக வந்தது என்பதே இம்மாநாட்டின் முன்னுள்ள கேள்வி.

சராசரி வருமானம், வேலையின்மை, பட்டதாரி விகிதம் மூன்றையும் ஓர் அட்டவணையில் போட்டுவிட்டு, வேறுபாட்டுக்குப் பண்பாட்டைக் காரணம் சொல்லும் பழக்கம் ஆய்வுலகிலும் இருக்கிறது, அரசியலிலும் இருக்கிறது. 2007 அக்டோபரில் ஆஸ்திரேலியக் குடிவரவு அமைச்சர் கெவின் ஆண்ட்ரூஸ், சூடானியர் அந்நாட்டு வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்ற பொருள்படப் பேசி, ஆப்பிரிக்க அகதிகளுக்கான இடங்களைக் குறைத்ததை நியாயப்படுத்தினார். 2001-இல் ஆஸ்திரேலியாவில் சூடானில் பிறந்தோர் சுமார் ஐயாயிரம் பேர். 2006 கணக்கெடுப்பில் 19,049. அதாவது, அமைச்சர் தீர்ப்புச் சொன்ன மக்களில் பெரும்பாலோர் அந்த மண்ணில் கால் வைத்து ஆறேழு ஆண்டுகூட ஆகவில்லை.

வந்த ஆண்டையும் வந்த வாசலையும் சொல்லாத ஒப்பீடு ஒப்பீடே அல்ல. இந்தத் தலைமையுரையின் நிலைப்பாடு அதுதான்.

முதலில் லாவோஸ். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அச்சிறு நாட்டின்மீது இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. மலைப்பகுதி ஹ்மாங் மக்கள் தளபதி வாங் பாவோவின் தலைமையில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான சிஐஏவின் ரகசியப் போரில் நின்றவர்கள். 1975 மே மாதம் லாங் சியெங் தளத்திலிருந்து அவர் விமானம் ஏறியதும், பின்னால் விடப்பட்டவர்கள் காட்டு வழியே நடந்து, மூங்கில் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு மேகாங்கை நீந்தித் தாய்லாந்துக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்த பான் வினாய் முகாமில் ஹ்மாங் பெண்கள் அந்தக் கதையையே துணியில் தைத்தார்கள்: நீல நூலில் ஆறு, அதில் மிதக்கும் தலைகள், கரையில் துப்பாக்கியோடு சிப்பாய். அந்தக் கதைத் துணிகள் வெளிநாட்டில் விலைபோயின. பலருக்கு முகாமில் கையில் வந்த முதல் காசு அது.

லாவோஸிலிருந்து வந்தோர் என்ற ஒரே பெயருக்குள் ஹ்மாங், சமவெளி லாவோ, மியென், தாய் தாம் எனப் பலர் இருக்கிறார்கள். ஹ்மாங் மொழிக்கு இன்று பரவலாக வழங்கும் ரோமன் எழுத்துமுறையே 1950களில்தான் உருவானது. முதல் தலைமுறையில் பலர் எந்த மொழியிலும் எழுதப் படிக்கக் கற்காதவர்கள். 1990 கணக்கெடுப்பில் அமெரிக்க ஹ்மாங் மக்களில் 64 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். லாவோ மக்களில் 35 விழுக்காட்டினர். பத்தாண்டு கழித்து ஹ்மாங் மக்களின் விகிதம் 38-ஐ ஒட்டியும், லாவோ மக்களின் விகிதம் 19-ஐ ஒட்டியும் இறங்கியது. அப்போது நாட்டின் மொத்த விகிதம் 12.4. ஒரே நாடு, ஒரே போர், ஒரே ஆறு. இருந்தும் இரு இனங்களுக்கிடையே வறுமை இரண்டு மடங்கு வேறுபட்டது. இரண்டையும் கூட்டி ஒரு சராசரி எடுத்தால் அது யாருடைய வாழ்க்கையையும் காட்டாது.

இனி சூடான். அங்கிருந்து வெளியேறியவர்களுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன.

ஒன்று தெற்கின் போர் திறந்துவிட்ட வாசல். 1983-இல் மீண்டும் மூண்ட உள்நாட்டுப் போரில் கிராமங்கள் எரிந்தபோது, டிங்கா, நுவேர் இனச் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் கால்நடையாக எத்தியோப்பியா போனார்கள். 1991-இல் அங்கிருந்தும் விரட்டப்பட்டு, 1992-இல் கென்யாவின் ககூமா முகாமுக்கு வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 3,800 பேரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது; பெரும்பாலோர் 2001-இல் வந்திறங்கினார்கள். அந்தத் திட்டத்தில் வந்த பெண்பிள்ளைகள் 89 பேர் மட்டுமே. நெப்ராஸ்காவின் ஒமாஹாவும் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸும் தென்சூடானியரின் பெரிய குடியிருப்புகளாயின. இரண்டும் இறைச்சி ஆலைகளின் ஊர்கள்.

இன்னொன்று கார்ட்டூமின் கல்விக்கூடங்கள் திறந்த வாசல். 1989-இல் ஒமர் அல்பஷீர் ஆட்சியைப் பிடித்த பிறகு மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் வளைகுடா நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் கிளம்பினார்கள். அமெரிக்காவின் பன்முக விசாக் குலுக்கல் வழியாகவும் பலர் வந்தார்கள். அயர்லாந்து மருத்துவமனைகளில் வெளிநாட்டில் படித்த மருத்துவர்களை எண்ணினால் பாகிஸ்தானுக்கும் சூடானுக்கும் முக்கிய இடம் உண்டு. 

ஆகவே அமெரிக்காவில் சூடானியருக்குள் பட்டதாரிகளின் பங்கு லாவோஸ் மக்களைவிடக் கணிசமாக அதிகம். ஆனால் பட்டம் தானாகக் கூலியாக மாறுவதில்லை. கார்ட்டூமில் அறுவை சிகிச்சை செய்தவர் அமெரிக்காவில் உரிமத் தேர்வுகளை எழுதி, பயிற்சி இடத்துக்குக் காத்திருக்கும் ஆண்டுகளில் டாக்சி ஓட்டுகிறார். அவருடைய வருமானத்தை மட்டும் பார்த்தால் படிக்காதவர் என்றே தோன்றும். படிப்புப் பத்தியைப் பார்த்தால் வருமானம் புரியாது.

வாசல் என்பது விசா மட்டுமல்ல, வாசலுக்குள் கிடைத்த வரவேற்பும்தான். 1980-ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் புதிதாக வந்த அகதிக்கு 36 மாதம் வரை பண உதவிக்கு வழி செய்தது. 1982-இல் அது 18 மாதமானது. பிறகு 12. 1991-இல் 8. லாவோஸ் அகதிகளில் முதலில் வந்தவர்கள் நீண்ட உதவியின் காலத்தில் வந்தார்கள். ககூமாவிலிருந்து வந்த இளைஞருக்கோ எட்டே மாதம். எட்டு மாதத்தில் ஆங்கிலமும் தொழிலும் கற்க முடியாது. ஆலை வேலைக்குப் போகத்தான் முடியும். கணக்கெடுப்பில் அவர் வேலையில் இருப்பவர். ஹ்மாங் தாய் உதவித்தொகையில் இருப்பவர். இந்த இரு வரிகளை வைத்து யார் உழைப்பாளி என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

துணை வந்தவர்கள் யார் என்பதும் கணக்கை மாற்றுகிறது. ஹ்மாங் குடும்பங்கள் பாட்டன் பாட்டியோடு, குலத்தோடு வந்தன. 2000 கணக்கெடுப்பில் அவர்களுடைய வீட்டில் சராசரியாக ஆறு பேர். குடும்ப இடைநிலை வருமானம் 32,400 டாலரை ஒட்டி இருந்தது. நாட்டில் அது 50,000. தலைக்கு வருமானமோ சுமார் 6,600 டாலர், நாட்டில் 21,600. குடும்பமாகப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு, ஆளாகப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கேற்ப முடிவு மாறும். ஆனால் அந்தப் பெரிய வீட்டில் பிள்ளையைப் பார்க்கப் பாட்டி இருந்தார், கடைக்கு முதல் போட நாலு கை இருந்தது.

ககூமா இளைஞருக்கு அமெரிக்காவில் பெற்றோர் இல்லை. ஆனால் ஊரில் சுற்றம் இருந்தது, அதற்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. டிங்கா வழக்கப்படி மணமகன் மாடு கொடுத்துத்தான் பெண் எடுக்க வேண்டும். ஒமாஹாவில் கத்தி பிடித்துச் சேர்த்த டாலர், நைல் கரையில் மாடாக நின்றது. அமெரிக்க வங்கிக் கணக்கில் அது சேமிப்பாகத் தெரியாது, வீட்டுக்கடனுக்கு முன்பணமாகவும் ஆகாது. 1997 முதல் 2017 வரை சூடான்மீது அமெரிக்கப் பொருளாதாரத் தடை இருந்ததால் பணம் அனுப்புவதே சிக்கல். நம்பிக்கையின் பேரில் கைமாறும் ஹவாலா வழியையே பலர் நாடினார்கள்.

லாவோஸ் மக்கள் மேலேறிய இடங்களைக் கூர்ந்து பார்த்தால் பண்பாட்டைவிடக் கருவிகளே கண்ணில் படுகின்றன. லூசியானாவின் நியூ ஐபீரியா பகுதியில் எண்ணெய்த் தொழிலுக்கு வெல்டர்களும் குழாய் பொருத்துநர்களும் வேண்டியிருந்தது. அரசுப் பயிற்சியில் லாவோ அகதிகள் அந்தத் தொழிலைக் கற்றார்கள், வீடு கட்டினார்கள், புத்த விகாரையும் எழுப்பினார்கள். மினசோட்டாவின் செயின்ட் பாலில் பழைய மரக்கிடங்கு ஒன்று 2004-இல் ஹ்மாங் சந்தையானது. உரலில் பச்சைப் பப்பாளி இடிபடும் சத்தம், பக்கத்துக் கடையில் பாகற்காய், எதிரே தையல்காரர், மூலையில் மூலிகை விற்கும் மூதாட்டி. வங்கிக் கடனுக்குத் தகுதி இல்லாதவர்கூட ஒரு சிறு கடையை வாடகைக்கு எடுக்க முடிந்ததே அதன் பலம். 2002-இல் அந்நகரிலிருந்து மீ மூவா மாநில செனட்டுக்குப் போனார். அமெரிக்கச் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் ஹ்மாங் அவர். முதல் அகதிகள் வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு நடந்தது இது.

இன்னும் தெளிவான சான்று தென் அமெரிக்காவில் இருக்கிறது. 1977-இல் பிரான்ஸ் ஒரு சிறு ஹ்மாங் கூட்டத்தை பிரெஞ்சு கயானாவின் ககாவோ என்ற இடத்தில் குடியமர்த்தியது. காடு, மழை, செம்மண், அதோடு நிலம். இன்று அந்த மக்கள் கயானா மக்கள்தொகையில் மிகச் சிறு பங்கு. அங்கு விளையும் காய்கனியில் பெரும்பகுதி அவர்கள் கையால் வருகிறது. அதே தலைமுறை, அதே எழுத்தறிவு. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் உதவித்தொகை வரிசையில் நின்றவர்களின் உறவினர்கள் இவர்கள். நிலம் கிடைத்த இடத்தில் தெரிந்த தொழிலே சோறு போட்டது.

பெயர்ப்பலகை செய்யும் குழப்பம் கடைசி எச்சரிக்கை. 2011 ஜூலை 9-இல் தென்சூடான் தனிநாடானது. ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பில் தென்சூடானில் பிறந்தோர் 2011-இல் 3,487, 2016-இல் 7,699. இந்த உயர்வில் பெரும்பகுதி விமானத்தில் வந்ததல்ல. முன்பு சூடான் என்று எழுதியவர்கள் அடுத்த முறை தென்சூடான் என்று எழுதினார்கள். இந்த நகர்வைக் கவனிக்காமல் சூடானியரின் வருமானம் உயர்ந்தது, தாழ்ந்தது என்று எழுதும் கட்டுரை மக்களை அளக்கவில்லை. டொரன்டோவில் இலங்கையில் பிறந்தோர் என்ற தலைப்பின்கீழ் தமிழர் வாழ்வைத் தேடுவோருக்கும் இந்தச் சிக்கல் பழக்கமானதே.

இந்த ஆய்வுக்கு இப்போது அவசரமும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 15-இல் கார்ட்டூமில் தொடங்கிய போர் நாற்பது லட்சத்துக்கும் அதிகமானோரை நாட்டைவிட்டே விரட்டிவிட்டது. இம்முறை மருத்துவரும் மாடு மேய்ப்பவரும் ஒரே சாலையில் நடக்கிறார்கள். 2025 ஜூனில் அமெரிக்கா வெளியிட்ட பயணத்தடைப் பிரகடனத்தில் சூடான் முழுத்தடைப் பட்டியலிலும் லாவோஸ் பகுதித்தடைப் பட்டியலிலும் இடம்பெற்றன. அதே ஆண்டு புதிய அகதிக்கான பண உதவிக் காலம், இடையில் மீண்டும் உயர்ந்திருந்த பன்னிரண்டு மாதத்திலிருந்து நான்காகக் குறைந்தது. இந்த முடிவுகளை எடுப்பவர்கள் ஆய்வாளர்களின் அட்டவணைகளையே மேற்கோள் காட்டுவார்கள்.

ஆகவே கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். வருமானத்துக்கு முன்னால் வந்த ஆண்டையும் விசா வகையையும் தனிப் பத்திகளாகக் காட்டுங்கள். 1990-இன் ஹ்மாங் குடும்பத்தை 2015-இன் தென்சூடான் குடும்பத்தோடு, இருவரும் வந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டு ஆன நிலையில் வைத்துப் பாருங்கள். ஊருக்கு அனுப்பிய பணத்தைச் செலவாகத் தள்ளாமல் கணக்கில் சேருங்கள். ஹ்மாங்கை லாவோவிலிருந்தும், டிங்காவை கார்ட்டூம்காரரிடமிருந்தும் பிரித்து எழுதுங்கள். இந்த நான்கையும் செய்த கட்டுரைகளுக்கு இம்மாநாட்டின் விவாத நேரத்தில் முதலிடம் தரப்படும். மாநாடு தொடங்குகிறது; முதல் அமர்வின் ஆய்வாளர்கள் மேடைக்கு வர வேண்டுகிறோம்.